மெல்லினம்

மகளுக்கு நிறைமதி என்று பெயர் வைத்தோம்.
அவள் சொன்னால் அது திறைபதி.
மூன்றாம் வகுப்பு வாய்மொழித் தேர்வில்
பெயரையே இரண்டு முறை கேட்டாராம் ஆசிரியை.
வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் "அப்பா"தான்.
அடுப்படியில் நானும்
துவாஸ் ஷிப்டு முடிந்து படுத்திருக்கும் அவரும்
ஒரே நேரத்தில் "என்ன?" என்போம்.

சளி என்றோம். ஏசி என்றோம்.
சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்த மாதம்
புகை என்றோம்.
புகை போயிற்று. குறட்டை போகவில்லை.
ங ஞ ண ந ம ன,
ஆறும் அவளுக்கு இல்லை.
தண்ணீர் கேட்டாலும்
அதட்டுவதுபோல் இருக்கும்.

டாக்டர் கோ திரையில் காட்டினார்.
கம்பி நுனியில் விளக்கு,
ஈரச் சிவப்பில் ஒரு குகை,
அதை அடைத்துக்கொண்டு
தோலுரித்த திராட்சைகள், சாம்பல் நிறத்தில்.
பிள்ளைகளுக்கு அரிதாகத்தான் வரும் என்றார்.
அரிது என்ற சொல்லுக்கு அதுவரை
நான் நல்ல அர்த்தம்தான் வைத்திருந்தேன்.

வியர்வையில் உப்பு எவ்வளவு என்று
ஒரு சோதனை எடுத்தார்கள்.
எதற்கென்று போனில் தேடிப் படித்தேன்,
படித்திருக்கக் கூடாது.
ஐந்து இரவு, தூங்குகிறவள் நெற்றியில் முத்தமிட்டு
நாக்கால் உப்புப் பார்த்தேன்,
எவ்வளவு கரித்தால் பயப்பட வேண்டும் என்று தெரியாமலே.
அந்த நோய் இல்லை என்று செய்தி வந்தபோது
வேலையிடத்துக் கழிவறையில்
கையுறையைக் கழற்றாமல் அழுதேன்.

மூன்று மாதம் ஸ்பிரே. திராட்சை சுருங்கவில்லை.
மெடிசேவ் படிவத்தில் கையெழுத்து.
"கண்ணுக்கு அருகில்" என்றது ஒரு வரி,
"மூளைக்கு அருகில்" என்றது அடுத்தது,
அவற்றின் கீழும் கையெழுத்து.

உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள்.
நீலத் தொப்பியோடு நான் போனேன்.
மயக்க மருந்து தரும் பெண் குனிந்து கேட்டாள்:
மாஸ்க்கில் ஸ்ட்ராபெரி வாசம் வேண்டுமா, ஆரஞ்சா?
வாசமே தெரியாதவளிடம்.
நான் வாய் திறப்பதற்குள்
"ஆரச்சு" என்றாள்.
ஏன் என்றேன்.
"கலர் தல்லா இருக்குப்."
ஏழு எண்ணுவதற்குள்
என் விரலை விட்டுவிட்டாள்.

வெளியே அவர், பாதுகாப்புக் காலணியைக்கூட மாற்றாமல்,
இயந்திரத்தில் வாங்கிய இரண்டு மைலோ பொட்டலங்களை
மடியில் வைத்து இரண்டு மணி நேரம் சூடாக்கினார்.

பிறகு உப்புத் தண்ணீர், காலையும் இரவும்.
ஒரு துளையில் போய் மறு துளையில் வரும்.
வாஷ்பேசினெல்லாம் சிரிப்பும் சளியும்.

இதுவரை சொல்லாதது ஒன்று.
நான் வேலை பார்ப்பது செனோக்கோவில்,
மீன் உருண்டைத் தொழிற்சாலை.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாது.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
பெரும்பாலும் காலியாகவே வரும்.
அவள் மட்டும் ஓடி வந்து
கழுத்தில் முகம் புதைப்பாள்.
இந்தத் தீவில் அவள் ஒருத்திக்கு மட்டும்
நான் எதுவும் நாறாதவள்.

நான்காம் வாரம், ஒரு வியாழன்,
அப்படியே ஓடி வந்தாள்.
புதைத்தாள்.
எடுத்துக்கொண்டாள்.
"அம்மா! மீன் நாத்தம்!"

லிஃப்ட் வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினேன்.
ம், மா, மீ, ன், நா, ம்.
ஆறும் முழுசாக,
மணிபோல.
பக்கத்து வீட்டு மிஸ்டர் யோ
ஏதோ விசேஷம் என்று நினைத்துத் தலையாட்டிப் போனார்.

திரும்ப வளரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
ஆறு மாதத்துக்கு ஒரு முறை
அந்தக் கம்பி, அந்த விளக்கு.

குளித்துவிட்டு வந்தேன்.
கிட்டே வந்து முகர்ந்து பார்த்து,
"இன்னும் இருக்கும்மா" என்றாள்.
அடுப்பில் அவள் மூக்குக்கான தண்ணீர்
கொதித்து ஆறிக்கொண்டிருந்தது.
உப்பு டப்பாவை எட்டி எடுத்தேன்,
கொஞ்சம் தள்ளி நின்று.